எட்டு சிவப்பு விளக்கா, எழுத்து ஓடும் திரையா: ஃபயர் அலாரம் பேனல் வாங்கும் முன்

சித்தப்பா போன வாரம் இரண்டு கொட்டேஷனை என் முன்னால் போட்டு, "எதுப்பா நல்லது, ஒரே வார்த்தையில சொல்லு" என்றார். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் பதினைந்து வருடமாக ஏணியையும் கேபிள் சுருளையும் தூக்கிக்கொண்டு நான் ஏன் அலைகிறேன்?

அவருக்கு இரண்டு கட்டடம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான்கு மாடி சேலைக்கடை, அதில் மேல் மாடி முழுக்க குடோன். ஏற்காட்டில் சரிவில் மூன்று பிளாக்காகப் பிரிந்து கிடக்கிற 34 அறை விடுதி. இரண்டுக்கும் ஃபயர் அலாரம் பேனல் போட வேண்டும். ஒரு கொட்டேஷன் கன்வென்ஷனல், இன்னொன்று அட்ரஸபிள், தொகையில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வித்தியாசம். விற்க வந்தவர் இரண்டு இடத்துக்கும் அட்ரஸபிள்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். "கன்வென்ஷனல் எல்லாம் பழசு சார்" என்றாராம். பழசுதான், அதனால் மட்டும் அது தப்பாகிவிடாது. இதே குழப்பத்தில் இன்னும் பல பேர் இருப்பார்கள் என்பதால் சித்தப்பாவுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேனல் என்பது சுவரில் மாட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டி. அது தீயை அணைக்காது, புகையை மோந்து பார்க்கவும் செய்யாது. அது பார்ப்பது தன்னுடைய ஒயரை மட்டும்தான். கன்வென்ஷனலில் கட்டடத்தைச் சோன் சோனாக, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து, சோனுக்கு இரண்டு ஒயர் என்று பேனலிலிருந்து கொண்டு போவோம், அதில் 24 வோல்ட் டிசி இருக்கும். புகையையோ வெப்பத்தையோ கண்டுபிடிக்கிற டிடெக்டர்கள் அந்த இரண்டு ஒயரின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கடைசி டிடெக்டரின் பேஸில் ஒரு சின்ன ரெசிஸ்டர், எண்ட் ஆஃப் லைன் என்போம். மதிப்பு மேக்குக்கு மேக், அதாவது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24ஐ 4700ஆல் வகுத்தால் சுமார் 5 மில்லி ஆம்பியர். அந்த 5 மில்லி ஆம்பியர் ஓடுகிறதா ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பேனலுக்கு வருடம் முழுக்க வேலை. நின்றுபோனால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது யாரோ டிடெக்டரைக் கழற்றியிருக்கிறார்கள் என்று மஞ்சள் விளக்கு எரியும், இதைத்தான் ஃபால்ட் என்போம். சட்டென்று பல மடங்கு ஏறினால் ஏதோ ஒரு டிடெக்டர் புகையைப் பார்த்துவிட்டது, அல்லது யாரோ சுவரில் இருக்கிற சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை அமுக்கிவிட்டார்கள் என்று கணக்கு, சிவப்பு விளக்கும் ஹூட்டர் என்கிற சைரன் சத்தமும் வரும். எந்த டிடெக்டர் என்று பேனலுக்குத் தெரியாது. ஒரு சோனில் இருபது டிடெக்டர் வரை போடுவார்கள், இருபதில் எது என்று நாம்தான் ஓடிப் பார்க்க வேண்டும்.

இந்த ரெசிஸ்டர் விஷயத்தில் ஒரு அநியாயம் நடக்கும், கவனியுங்கள். மலையில் ஒரு விடுதிக்குச் சர்வீஸ் என்று கூப்பிட்டார்கள். பேனலில் பச்சை விளக்கு, மூன்று வருடமாக ஒரு ஃபால்ட்கூட வந்ததில்லை என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார். மூடியைத் திறந்தால் ஆறு சோனுக்கும் ரெசிஸ்டரைப் பேனலின் டெர்மினலிலேயே முறுக்கி வைத்திருக்கிறார்கள். வரிசையின் கடைசியில் இருக்க வேண்டியது வாசலிலேயே உட்கார்ந்தால் உள்ளே ஒயர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், பேனல் எல்லாம் நலம் என்றுதான் சொல்லும். மேல் மாடியில் ஃபால்ஸ் சீலிங் மாற்றும்போது ஒயரை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. கன்வென்ஷனல் வாங்கினால் வேலை முடிகிற அன்றைக்கு ஒவ்வொரு சோனிலும் கடைசி டிடெக்டரை நீங்களே கழற்றச் சொல்லிப் பாருங்கள். மஞ்சள் விளக்கு வந்தால் காசு கொடுங்கள்.

சரி, அட்ரஸபிள். இதில் ஒயர் பேனலிலிருந்து கிளம்பி எல்லா டிடெக்டரையும் தொட்டுவிட்டுத் திரும்பவும் பேனலுக்கே வந்து சேரும், அதனால்தான் லூப் என்கிறார்கள். ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஒரு எண், பின்பக்கம் சின்ன ஸ்விட்சை நகர்த்தியோ கையடக்கக் கருவியிலோ போட்டுக் கொடுப்போம். பேனல் வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் "உள்ளேன் ஐயா" சொல்லும். சொல்லாவிட்டால் அந்த எண்ணைக் காட்டி ஃபால்ட். ஒரு லூப்பில் நூற்றுச் சொச்சத்திலிருந்து இருநூற்றைம்பது வரை போடலாம், மேக்கைப் பொறுத்தது. லூப் ஓர் இடத்தில் அறுந்தால் இரண்டு முனையிலிருந்தும் பேசிச் சமாளித்துக்கொள்ளும். கன்வென்ஷனலில் அறுந்த இடத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் அந்த நிமிடமே செத்ததுதான். ஆனால் லூப்பில் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆனால் கதை வேறு. நடுநடுவே ஐசொலேட்டர் போட்டிருந்தால் ஷார்ட் ஆன துண்டு மட்டும் ஒதுங்கும், இல்லையென்றால் முழு லூப்பும் படுத்துவிடும். விலையைக் குறைத்துக் காட்ட கொட்டேஷனில் முதலில் காணாமல் போவது இந்த ஐசொலேட்டர்தான். சித்தப்பா வைத்திருந்த தாளில் 34 அறைக்கும் சேர்த்து இரண்டே இரண்டு! பிளாக் நுழைவில் ஒன்று, தளத்துக்கு ஒன்று என்றாவது இருக்க வேண்டும் என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

நல்ல அட்ரஸபிளில் இன்னொரு வேலையும் நடக்கும். கன்வென்ஷனல் டிடெக்டர் தானே முடிவெடுத்து ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். அனலாக் அட்ரஸபிள் என்பதில் டிடெக்டர் முடிவெடுக்காது, இப்போது உள்ளே இவ்வளவு என்று ஓர் அளவைச் சொல்லும், அலாரமா இல்லையா என்பதைப் பேனல்தான் முடிவு செய்யும். அதனால் தூசி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அளவு மெல்ல ஏறினால் அதைக் கழித்துப் பார்த்துக்கொள்ளும், ரொம்ப ஏறினால் இந்த எண்ணைச் சுத்தம் பண்ணு என்று சொல்லும்.

இதைக் கேட்டதும் சித்தப்பா, "அப்ப ஏற்காட்டுப் பனிக்கு இதுதான்" என்றார். பாதிதான் உண்மை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மேகமே அறைக்குள் வந்து கட்டிலில் உட்காரும். ஸ்மோக் டிடெக்டருக்குள் ஒரு இருட்டறை இருக்கிறது, அதில் ஒரு சின்ன ஒளிக்கற்றை, துகள் ஏதாவது நுழைந்தால் ஒளி சிதறி உணர்கருவியின் மேல் படும். புகைத்துகளா பனித்துளியா என்று அதற்குத் தெரியாது. குளியலறைக் கதவிலிருந்து வரும் வெந்நீர் ஆவிக்கும் இதே கதிதான், உள்ளே குடியேறிய குட்டிப் பூச்சிக்கும் இதே கதிதான். பேனலை மாற்றுவதால் பனி மாறாது. திறந்த வராண்டாவிலும் சமையலறையிலும் ஹீட் டிடெக்டர் போடுங்கள், சுமார் 57 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் அது வாயைத் திறக்கும். அறைக்குள் புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கிற மல்ட்டி சென்சார் நல்லது. இதையெல்லாம் செய்த பிறகு மிச்சமிருக்கிற பொய் அலாரத்தைக் குறைப்பதில்தான் அட்ரஸபிள் உதவும். பொய் அலாரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு சீசனில் பத்து தடவை நடு ராத்திரியில் அலறினால் பதினோராவது தடவை ஹூட்டர் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். டிடெக்டரின் மேல் குளியல் தொப்பியை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய விருந்தாளியை நானே பார்த்திருக்கிறேன்.

கொட்டேஷன் எதிலும் வராத ஆள் ஒருவர் இருக்கிறார், ராத்திரி வாட்ச்மேன். இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் பேனல் முன்னால் முதலில் நிற்கப்போவது அவர்தான், பேனலை அவருக்காகத்தான் வாங்குகிறோம். சித்தப்பாவின் விடுதியில் வாட்ச்மேனாக இருக்கிற அண்ணனுக்கு அறுபது வயது, தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் எழுத்துக்கூட்டினால் உண்டு. அட்ரஸபிள் பேனலின் திரையில் ஓடுவது ஆங்கிலம், அதுவும் சுருக்கெழுத்து. கன்வென்ஷனலில் எட்டு சிவப்பு விளக்கு, பக்கத்தில் "மேல் பிளாக், முதல் மாடி" என்று தமிழில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கண்ணாடி போடாமலே புரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே சின்ன இடங்களில் நான் கன்வென்ஷனலுக்கு ஓட்டு போடுவேன். அறைக்கதவு மேல் வெளிப்பக்கம் ஆர்.ஐ. விளக்கு என்று ஒன்று மாட்டுவோம், உள்ளே டிடெக்டர் அடித்தால் வெளியே எரியும். மலிவான பொருள். அது இருந்தால் பூட்டிய அறைகளில் எது என்று வராந்தாவில் நடந்துபோனாலே தெரிந்துவிடும், ஆளைத் தட்டி எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் கன்வென்ஷனலில் ஒரு பழக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சத்தம் தாங்காமல் வாட்ச்மேன் முதலில் ரீசெட்டை அமுக்குவார். ரீசெட் என்றால் சோனுக்குப் போகிற கரண்ட்டைச் சில நொடி நிறுத்தித் திரும்பக் கொடுப்பது, அடித்த டிடெக்டரின் சிவப்புப் புள்ளியும் ஆர்.ஐ. விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். எது அடித்தது என்பதற்கு அப்புறம் சாட்சியே இல்லை. முதலில் சத்தத்தை மட்டும் நிறுத்துகிற சைலன்ஸ், போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ரீசெட், இதைத் தமிழில் எழுதிப் பேனல் மேலேயே ஒட்டுங்கள். அட்ரஸபிள் இந்தத் தப்பை மன்னிக்கும், எத்தனை மணிக்கு எந்த எண் என்று பதிவு உள்ளேயே இருக்கும், மறுநாள் காலை வந்து பார்த்துக்கொள்ளலாம். அதுவும் எண்ணுக்கு நேராக எழுதிவைத்த பெயர் சரியாக இருந்தால்தான். ஸ்டோர் ரூம் என்று பெயர் கொடுத்த இடத்தில் பிறகு கட்டில் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள், திரையில் இன்னும் ஸ்டோர் என்றே வருகிறது, ஆள் ஓடிப்போய் வேறொரு பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நல்லவேளை, அன்று அது வெறும் ஊதுபத்தி.

மலையில் இடி ஒரு பெரிய பிரச்சினை. மூன்று பிளாக்குக்கும் சேர்த்து ஒரே லூப் இழுத்தால் வெளியே போகிற கேபிள் வழியாக சர்ஜ், அதாவது திடீர் மின் பாய்ச்சல் வந்து பேனலுக்குள் இருக்கிற லூப் கார்டையே எரித்துவிடும், கார்டு போனால் அதில் தொங்குகிற மொத்தமும் ஊமை. கீழே சார்னோக்கைட் என்கிற கடினப் பாறை, எர்த் குழி எடுத்து நல்ல அளவு காட்டுவதற்குள் நாக்கு தள்ளிவிடும். கன்வென்ஷனலுக்கும் இடி விழும்தான், ஆனால் பெரும்பாலும் ஒரு சோனோடு போகும், ரிப்பேர் செலவும் கம்மி. எதைப் போட்டாலும் பிளாக்குகளுக்கு நடுவே கேபிள் மண்ணுக்கடியில் போக வேண்டும், இரண்டு முனையிலும் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும். இந்த வரி கொட்டேஷனில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் சர்வீஸ். கன்வென்ஷனல் பேனலைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் சேலத்திலேயே இருக்கிறோம், மீட்டர் ஒன்று இருந்தால் போதும். அட்ரஸபிளுக்கு அந்தந்த மேக்கின் சாஃப்ட்வேர், லேப்டாப், பாஸ்வேர்டு மூன்றும் வேண்டும், பல மேக்குகளுக்குக் கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வர வேண்டியிருக்கும், வந்தவர் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போவதற்குள் ஒரு நாள் போய்விடும். அதோடு, பல பேனல்கள் தன் கம்பெனி டிடெக்டரைத் தவிர வேறு எதோடும் பேசாது. எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண மண்டபத்தில் பேனல் போட்டவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள், பாஸ்வேர்டும் அவர்களோடு போய்விட்டது. ஒரு டிடெக்டரை மாற்ற முடியாமல் கடைசியில் பேனலையே மாற்றினார்கள். அதனால் பணத்தின் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு, புரோகிராம் ஃபைல், நான்கைந்து உபரி டிடெக்டர் மூன்றையும் வாங்கிக்கொண்டு பிறகு கொடுங்கள். வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குச் சித்தப்பா முகம் சுளித்தார். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுதால் எப்படி? அதற்குக் காசு ஒதுக்க மனசில்லை என்றால் அட்ரஸபிள் பக்கமே போகாதீர்கள் என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

பேட்டரி விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே கணக்குதான், ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 12 வோல்ட் எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய) பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். கரண்ட் இல்லாமல் 24 மணி நேரம் விழித்திருந்து, அதற்கப்புறமும் அரை மணி நேரம் ஹூட்டர் அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது 0.2 ஆம்பியர் என்றால் 24 மணிக்கு 4.8 ஆம்பியர் அவர், அலாரத்தில் 1 ஆம்பியர் என்றால் அரை மணிக்கு 0.5, கூட்டினால் 5.3. பேட்டரி வயதாவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 6.6, ஆக 7 ஆம்பியர் அவர் பேட்டரி கரெக்டாகப் பொருந்தும். பின்னால் பத்து ஹூட்டர் கூடுதலாக மாட்டினால் இந்தக் கணக்கு உதைக்கும். மழையில் மரம் விழுந்து நாள் முழுக்க கரண்ட் போகிற ஊரில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் பேட்டரியை மாற்றிவிடுங்கள், நடுவில் ஒருநாள் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஹூட்டரை அடித்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள்.

வயர்லெஸ் பற்றியும் கேட்டார். பழைய கல் பங்களாவில் சுவரை உடைக்க மனம் வராதவர்களுக்கு நல்ல யோசனைதான், ஆனால் இரண்டடி கல் சுவர் சிக்னலைத் தின்னும், டிடெக்டருக்கு டிடெக்டர் பேட்டரி மாற்ற வேண்டும், விலையும் அதிகம். சித்தப்பா விடுதி புதுக் கட்டடம், தேவையில்லை. கூரையில் ஒட்டுகிற தனி பேட்டரி அலாரம் வீட்டுக்குச் சரி, விடுதிக்குக் கணக்கில் வராது.

கடைக்கு வருவோம். ஒவ்வொரு மாடியும் ஒரே ஹால், படியேறி நின்றால் மூலை வரை தெரியும். மாடிக்கு ஒரு சோன், மாடிப்படிக்கு ஒன்று, மீட்டர் போர்டு இருக்கிற இடத்துக்கு ஒன்று, ஆக ஆறு சோன். எட்டு சோன் கன்வென்ஷனல் பேனல் தாராளம். அலாரம் வந்தால் லிஃப்ட்டைக் கீழே இறக்க, ஏசியை நிறுத்த ரிலே என்கிற ஸ்விட்ச் அதிலும் உண்டு. எந்த டிடெக்டர் என்று திரையில் வந்தால் ஒரு நொடி மிச்சமாகும், அதற்கு இரண்டரை மடங்கு காசு வேண்டாம். கடையின் ஆபத்து ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கிய பிறகு. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை எரிந்ததே, அதுவும் கடை திறக்காத அதிகாலையில்தான் பிடித்தது, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. பூட்டிய கடைக்குள் எவ்வளவு புத்திசாலிப் பேனல் அலறினாலும் கேட்பதற்கு எலிதான் இருக்கும். அதனால் மிச்சப்படும் காசில் சிம் கார்டு போட்டு ஐந்து பேருக்கு போன் அடிக்கிற ஆட்டோ டயலர் ஒன்று, தெருப்பக்கம் ஒரு ஹூட்டர், குடோனில் கூடுதல் டிடெக்டர். ஸ்மோக் டிடெக்டர் ஒன்றுக்கு 100 சதுர மீட்டர் என்று கணக்குப் போடுவார்கள், ஆனால் சேலைக் கட்டுகளைக் கூரை வரை அடுக்கினால் ஒவ்வொரு சந்தும் தனி அறை மாதிரிதான், அங்கே அந்தக் கணக்கு நிற்காது. டயலரில் சித்தப்பா நம்பர் மூன்றாவதாக இருக்கட்டும் என்றேன், அவர் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

விடுதிக்கு நான் அட்ரஸபிள் பக்கம். மூன்று பிளாக்குக்கும் ஒரே வாட்ச்மேன், நடுவில் பாசி பிடித்த கல் படிக்கட்டு, பனியில் பத்தடி தள்ளித் தெரியாது. தப்பான பிளாக்குக்கு ஓடித் திரும்பினால் ஐந்து நிமிடம் போய்விடும். அறை எண்ணோடு வந்தால் ரிசப்ஷனிலிருந்தே அந்த அறைக்கு இன்டர்காமில் அடித்துக்கொண்டே ஓடலாம். பனியும் தூசியும் சேர்ந்து படுத்துகிற இடத்தில் அந்தப் பதிவேடும் வேண்டும், எந்த டிடெக்டர் மாதாமாதம் கத்துகிறது என்று பார்த்து இடம் மாற்றலாம். இரண்டு லூப் பேனல், பெரிய பிளாக் ஒரு லூப்பில், மற்ற இரண்டு பிளாக்கும் இன்னொரு லூப்பில், ஒன்றை இடி தின்றாலும் மற்றது இருக்கும். திரை ஆங்கிலத்துக்கு மருந்தாக, அறை எண்ணையே டிடெக்டர் பெயராகக் கொடுக்கச் சொன்னேன், 207 என்பதை அண்ணன் எந்த மொழியிலும் வாசிப்பார். பேனல் பக்கத்தில் மூன்று பிளாக்கின் வரைபடம், தமிழில், பெரிய எழுத்தில். பேனல் ஈ.என். 54 (ஐரோப்பியத் தரம்) அல்லது யு.எல். 864 (அமெரிக்கத் தரம்) சான்று பெற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வேலை ஐ.எஸ். 2189 (இந்தியத் தரம்) படி என்று ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்னால் தீயணைப்பு நிலையத்தில் போய் உங்கள் கட்டட வகைக்கு என்ன கேட்பார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள், போட்ட பிறகு மாற்றச் சொன்னால் வயிற்றெரிச்சல்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கடைக்கு ஒண்ணு, விடுதிக்கு ஒண்ணா, ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட வாங்குனா தள்ளுபடி உண்டு தெரியுமா" என்றார். உண்டுதான். ஞாயிற்றுக்கிழமை கேபிள் ரூட் பார்க்க மேலே போகிறோம், வாட்ச்மேன் அண்ணனையும் கூட நடக்கச் சொல்லியிருக்கிறேன், கீழ் பிளாக்கிலிருந்து ரிசப்ஷனுக்கு அவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்துவிட்டுத்தான் தள்ளுபடியைப் பற்றிப் பேச வேண்டும்.